குழலும் குண்டும்



ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி காசி விசுவநாதர் ஆலயத்துக் கோபுரவாசலைக் கடந்து சென்றவர்கள், ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று, வெளியே பரந்த தெருவில் சாதாரணமாக வீசிக்கொண்டிருந்தும், குறுகிய அவ்வாயிலில் புகுந்தவுடன் தோளிலிருக்கும் துண்டைப் பறித்துக்கொண்டு போகிற வேகம் கொள்வதை அனுபவித்திருப்பார்கள். நெருக்குண்ட வாயு கிடைத்த இடுக்கின் வழியே விரைந்து வெளியேறவே பார்க்கும் என்ற இவ்வுண்மைதான், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகள் உலகெங்கும் வழங்கிய காலத்தில், கொல்லர்களையும் படைத்தலைவர்களையும் ஒருங்கே வாட்டிய ஒரு பெரிய சங்கடத்தின் மூலகாரணம்.

அத்தகைய துப்பாக்கியில் மருந்தும் குண்டும் குழலின் வாயில் இடப்பட்டு, கோலால் அடிவரை இறக்கப்பட வேண்டியவை. குண்டு குழலைவிடச் சிறிதாக இருந்தால் சுலபமாக இறங்கும். ஆனால் மருந்து வெடிக்கும்போது எழும் ஆவியில் ஒரு பகுதி குண்டைச் சுற்றியுள்ள இடுக்கின் வழியே வீணாகிவிட, குண்டும் குழலின் இருபுறமும் முட்டி மோதிக்கொண்டு, கடைசியாக எந்தப் பக்கத்தைத் தொட்டதோ அதற்கேற்பத் திசைமாறிப் போய்விடும். குண்டு குழலோடு இறுகப் பொருந்தியிருந்தால் குறி தப்பாது. ஆனால் அதை உள்ளே இறக்குவதற்குள் எதிரி மேலே வந்து விழுந்துவிடுவான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமாதானம் காண்பதே அக்காலத்துத் துப்பாக்கிக் கலையின் சூட்சுமம் முழுவதும் என்பது என் அபிப்பிராயம்.

1755 இல் கர்னல் ஹெரானின் படை பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையை முற்றுகையிட்டு வெற்றி காணாமல் திரும்பிய நாளிலும், 1767 இல் ஆங்கிலத் தளபதி டொனால்ட் காம்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கிய நாளிலும், பாளையக்காரர்களிடம் இருந்தவை பெரும்பாலும் திரிவைத்துச் சுடும் துப்பாக்கிகளும், ஈட்டிகளும், வளரிகளுமே. கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய் ஏந்திய சக்கிமுக்கித் துப்பாக்கியின் குழலோ முக்கால் அங்குல விட்டமுள்ளது. அதற்கென வார்த்த குண்டு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அங்குலம் சிறியது. கருமருந்து எரிந்தபின் அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கு திடமான கசடாகவும் புகையாகவும் எஞ்சுவதால், சில வெடிகளுக்குள்ளாகவே குழலின் உட்புறம் கரியேறிக் குறுகிவிடும் என்பதற்காகவே இவ்வளவு தாராளமான இடைவெளி விடப்பட்டது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைத்து அதனால் வீழ்த்துவது அதிர்ஷ்டத்தின் பாற்பட்டதாகவே இருந்தது. குற்றாலத்துச் சாரலும் இதில் ஒரு விசேஷத்தைச் செய்யக்கூடியது: ஈரக்காற்று குழலிலுள்ள கசடை இளக்கிக் குண்டு இறங்குவதை எளிதாக்கும், அதே ஈரம் திரியையும் பற்றவைக்கும் மருந்தையும் நனைத்து வெடியை எழவிடாமலே செய்துவிடும்.

இன்றும் தோட்டக் காவலுக்கு உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ‘பன்னிரண்டு போர்’ என்று சொல்வதைக் கேட்கிறோம். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஒன்று சரியாக அடங்கும் குழல் என்பதே அதன் பொருள். பதினாறு உருண்டைகளாக்கினால் கிடைப்பது அதைவிடச் சிறிய பதினாறு போர். குண்டை அளந்து குழலைச் சொல்லும் இந்தப் பழைய வழக்கமே அவ்விரண்டின் சம்பந்தத்துக்குச் சாட்சி.

சுரிகுழல் துப்பாக்கி வந்தபோது சங்கடம் இரட்டிப்பாயிற்று. குழலின் உட்புறத்தில் வெட்டிய புரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்றால்தான் குண்டு நேராகப் பறக்கும். பற்றவேண்டுமானால் இறுக்கம் வேண்டும். எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் குண்டைப் பொதிந்து இறக்கினார்கள். 1800 ஆம் ஆண்டளவில் ஆங்கிலப் படைக்கு வந்த பேக்கர் துப்பாக்கியோடு, குண்டைத் தட்டி இறக்க மரச்சுத்தியலும் முதலில் கொடுத்துப் பார்த்தார்கள்.

இனி நான் சொல்லப்போவதை நம் நாட்டார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டுமென்று மனமார விரும்புகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆங்கிலப் படையின் 34 ஆம் பிரிவைச் சேர்ந்த காப்டன் ஜான் நார்ட்டன் என்பவர், தென்னிந்திய வேட்டைக்காரர்கள் வாயால் ஊதி அம்பெய்யும் குழலொன்றை ஆராய்ந்தாராம். அந்த அம்பின் அடியில் மெல்லிய நெட்டி பொருத்தப்பட்டிருந்தது. பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் மாலையாகக் கட்டுகிறோமே, அதைப் போன்ற இலேசான பொருள். ஊதும் மூச்சு பட்டவுடன் அது விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ள, மூச்சில் சிறிதும் வீணாகாமல் முழு வேகமும் அம்புக்கே சேர்ந்தது. உட்செலுத்தும்போது தளர்வு, வெளியேறும்போது இறுக்கம். இரண்டையும் ஒரே பொருளில் அமைத்துவிட்ட அந்த எளிய வேடனின் புத்தி நுட்பத்தை என்னென்று புகழ்வது! அதைக் கண்டு நார்ட்டன், அடிப்புறம் குடைவான, முனை கூம்பிய ஓர் ஈயக்குண்டை உருவாக்கினார் என்று துப்பாக்கி வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். வெடியின் ஆவி குடைவுக்குள் புகுந்து, ஈயத்தை விரித்து, குழலோடு பொருந்தச் செய்யும். இதற்குத் தூய ஈயமே ஏற்றது. வெள்ளீயம் முதலியன கலந்து கடினமாகிவிட்டால் அது விரிய மறுக்கும்.

ஆங்கில அரசாங்கம் அதை ஏற்கவில்லை. துப்பாக்கி செய்பவரான வில்லியம் கிரீனர் 1830களில் செய்த திருத்தமும் புறக்கணிக்கப்பட்டது. அதே தத்துவத்தைப் பிரெஞ்சுக்காரரான மினியே 1849 இல் நிறைவேற்றியபோது, அவருக்கு இருபதினாயிரம் பவுன் கொடுத்து வாங்கிய அவ்வரசாங்கம், கிரீனருக்கு 1857 இல் ஆயிரம் பவுன் அளித்துக் கணக்கைத் தீர்த்தது. மூங்கிலில் ஊதியவனுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இந்த வழியில் பிறந்ததுதான் 1853 ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கி. அதன் குழல் 0.577 அங்குலம், குண்டு முதலில் 0.568, பிற்பாடு 0.55. விரியும் குண்டாதலால் துணிந்து சிறிதாக்க முடிந்தது. குண்டைச் சுற்றிய காகிதம் வழுக்கி இறங்குவதற்குத் தடவிய கொழுப்பே, பசுவினுடையதும் பன்றியினுடையதும் என்ற சந்தேகத்தைக் கிளப்பி, 1857 ஆம் ஆண்டுப் பெரும் புரட்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாயிற்று. 1866 முதல் ஸ்னைடர் முறைப்படி அதே துப்பாக்கிகளைப் பின்புறமாகத் திறந்து தோட்டா இடுமாறு மாற்றியதும், குழலைவிடச் சிறிய குண்டை வாய்வழியே இறக்கவேண்டிய அவசியமே ஒழிந்தது.

சென்னை மாகாணத்து மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல்களையும் வளரிகளையும் பற்றி 1924 இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டு, தமிழர் சுங்குத்தான் என்று வழங்கிய ஊதுகுழலைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு நாம் செய்த பிரயாசை மிகச் சொற்பம். ஆகையால் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்து நேயர்களை நான் வேண்டிக்கொள்வது இது: உங்கள் வீட்டுப் பரணிலோ மச்சிலோ பாட்டனார் வைத்திருந்த ஊதுகுழல் கிடைத்தால், அதன் நீளத்தையும், உள்விட்டத்தையும், அம்பின் அடியில் எப்பொருளை வைத்தார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு, பாளையங்கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தாருக்குத் தெரிவியுங்கள், அம்பு கிடைத்தால் நெட்டியைப் பிரித்துவிடாமல், இருந்தபடியே ஒப்படையுங்கள்.