34 அங்குலத்துல ஒரு தூண்டில்

இன்னைக்குப் பேசப்போறது மீன் பிடிக்கிறதைப் பத்தி. இன்னும் குறிப்பா சொன்னா, ஒரு தடுப்புக் கம்பியோட உயரத்தைப் பத்தி.

தண்ணிக்கு மேல நீட்டிக் கட்டின ஒரு மேடையை நினைச்சுக்கோங்க. அமெரிக்காவில இந்த மாதிரி மேடைகள்ல நின்னு தூண்டில் போடுறது ரொம்ப சகஜமான பொழுதுபோக்கு. ஓரத்துல தடுப்புக் கம்பி இருக்கும். அங்க கட்டட விதிகள்ல இதுக்குப் பொதுவான உயரம் 42 அங்குலம். நிக்கிறவங்களுக்கு அது இடுப்புக்குக் கொஞ்சம் மேல. வீல்சேர்ல உட்கார்ந்திருக்கவங்களுக்கு? கிட்டத்தட்ட முகத்துக்கு நேரா! தூண்டிலை எங்க சாய்க்கிறது? மாட்டின மீனை எப்படி மேல தூக்குறது? சாய்தளம் போட்டு மேடை வரைக்கும் வரவெச்சாச்சு. ஆனா வந்தவங்க கம்பி இடுக்கு வழியா மத்தவங்க மீன் பிடிக்கிறதை வேடிக்கைதான் பார்க்கணும்.

அமெரிக்காவில மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1990-ல வந்தது. அதுக்கான 2010 வடிவமைப்புத் தரநிலைகள்ல மீன்பிடி மேடைக்குன்னே தனிப் பகுதி இருக்கு. கம்பி வெச்சா, அதுல குறைஞ்சது 25 சதவீதம் 34 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. அந்தத் தாழ்வான பகுதிகளை ஒரே மூலையில ஒதுக்காம மேடை முழுக்கப் பரவலா வைக்கணும். ஏன்னா மீன் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கிடைக்காது. முன்சக்கரம் நழுவாம இருக்க, ஓரத்துல ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வேணும், உதாரணமா 2 அங்குலமாவது உயரமான விளிம்பு. வீல்சேரைத் திருப்பவும் இடம் விடணும்.

பாதுகாப்பு போயிடுமேன்னு கேட்கலாம். உட்கார்ந்திருக்கவங்களுக்கு 34 அங்குலமே நல்ல தடுப்புதான். ஆனா இந்த விதியில ஒரு ஓட்டை இருக்கு. கட்டட விதிப்படி உயரமான தடுப்பு வெச்சிட்டா, 34 அங்குலம் கட்டாயமில்ல. அதாவது, எல்லா விதியையும் சரியா கடைப்பிடிச்சும், வீல்சேர்ல வர்றவங்க தூண்டில் போட முடியாத ஒரு மேடையைக் கட்டிட முடியும்.

நம்ம ஊருக்கு வருவோம். 2022 நவம்பர்ல மெரினாவில மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள மாண்டஸ் புயல்ல அது சேதமாச்சு, அப்புறம் சரி பண்ணாங்க. மணல்ல சக்கரம் புதையாம அலை பக்கத்துல போறது பெரிய விஷயம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது பாதி வழிதான். தண்ணியைப் பார்க்கிறது வேற, தண்ணிகிட்ட நாம ஆசைப்பட்டதைச் செய்யுறது வேற.

அதனால அடுத்த தடவை ஒரு ஏரிக்கரையோ படகுத்துறையோ 'எல்லாருக்கும் ஏத்தது'ன்னு போர்டு வெச்சிருந்தா, சாய்தளம் இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. அது முடியுற இடத்துல ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்க. கண்ணுக்கு நேரா தண்ணி தெரியுதா, கம்பி தெரியுதா? கை தண்ணிப் பக்கம் நீளுதா? பார்த்துட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!