வண்டியைப் பிரிக்கும் முன்

2015 டிசம்பரில் அடையாறு ஈக்காட்டுத்தாங்கலுக்குள் புகுந்து வண்டிகள் மூழ்கினவே, அப்போதிருந்தே இந்தத் தகராறுகளைக் கேட்கிறோம். "நாலாயிரம் என்றார், பதினோராயிரம் கேட்கிறார்" என்பார் வண்டிக்காரர். "இன்ஜினைப் பிரித்த பிறகுதானே பாய் தெரிந்தது" என்பார் மெக்கானிக். இருவருமே நம்மவர்கள், பல சமயம் இருவர் சொல்வதும் உண்மை.

பிரித்துப் பார்க்க எவ்வளவு, அதற்கு மேல் போனால் போனில் கேட்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். கூலியை முன்கூட்டியே பேசுவது நம் மார்க்கம் சொல்வதும்தான்.

சொன்ன வேலையை முடித்தவர், கூலி வரும்வரை வண்டியை நிறுத்திவைக்கலாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. எனவே ஷெட்டில் சண்டை வேண்டாம். ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, பில்லோடு கழற்றிய பழைய பாகங்களையும் வாங்குங்கள். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. பில் இல்லாமல் வந்தால் நாங்கள் எதை வைத்து மனு எழுதுவது?