புகையிலை விடுத்து உணவு விளைப்போம்
(நெய்வேலியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



புகையிலை நம் மண்ணின் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்தினின்று போர்த்துகீசியர் வழி வந்தது. தூயதமிழில் பெயரிட்டோம், அப்பெயரழகில் அதன் தீமையை மறந்தோம். திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதிகளில் இன்றும் அது விளைகின்றது. ஈர இலை பறிக்கும் உழவர்க்குத் தோல்வழியே நஞ்சேறித் தலைச்சுற்றலும் வாந்தியும் உண்டாகின்றன. மண்ணின் ஊட்டமும் விரைந்து குன்றுகின்றது.

ஆயினும், உழவரைப் பழித்தல் முறையன்று. புகையிலைக்கு முன்பணம் தருவோரும் வாங்குவோரும் உளர். கேழ்வரகுக்கும் உளுந்துக்கும் அவ்வுறுதி இல்லை. நோயின் வேர் ஈதே. கென்னியாவின் மிகோரி வட்டாரத்தில் உலக நலவாழ்வு அமைப்பும் உணவு அமைப்புகளும், விளைச்சலை வாங்கும் ஏற்பாட்டோடு, புகையிலை உழவரை அவரையினப் பயறு விளைவிக்கச் செய்தன. 2023இல் தமிழ்நாட்டரசு நீலமலை, தருமபுரி மாவட்டங்களில் பங்கீட்டுக் கடைவழிக் கேழ்வரகு வழங்கத் தொடங்கிற்று. இவ்வழியை விரித்து, புகையிலை விளையும் ஊர்களிலேயே கூலங்களைக் கொள்முதல் செய்க என வலியுறுத்துவோம்.

நிலக்கரி அகழும் தோழர்களே! நீவிரும் உழவர் மக்களே. உம் ஊதியத்தில் ஒரு காசும் சுருட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் போகவேண்டா. கம்புக்கும் கேழ்வரகுக்கும் போகட்டும். வாங்குவோர் மாறின், விளைப்போரும் மாறுவர்.