முதியோரைப் பேணும் கைகளுக்குக் கருவித் துணை

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டங்களில் உள்ள ஊர்களுக்குத் திருவிழாக் காலத்தில் செல்வோர் ஒன்றைக் கவனித்திருப்பர். விழா நாள்களில் தெருவெங்கும் கார்கள் நிற்கும். விழா முடிந்த மறுநாளே அவை சென்னைக்கும் பெங்களூருக்கும் விமான நிலையத்துக்கும் திரும்பிவிடும். தெருவில் எஞ்சியிருப்போரில் பலர் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களுக்கு வேளைக்கு உணவு தந்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, இரவில் கைபிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர் யார் என்று வினவினால், தானும் முதியவரான மனைவி என்றோ, ஊரிலேயே தங்கிவிட்ட மருமகள் என்றோ விடை வரும். பெற்றோரை நகரத்துக்கு அழைத்துச் சென்ற வீடுகளிலோ, ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ பிழைப்புத் தேடி வந்த ஓர் இளம்பெண் அந்தக் கட்டிலருகே நிற்பார்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்திய அளவில் அது 8.6 விழுக்காடு. 2050-ஆம் ஆண்டில் இந்தியரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முதியவராக இருப்பார் என்று ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை கணிக்கிறது. முதியோரின் எண்ணிக்கை இவ்வாறு கணக்கிடப்படுகிறது. அவர்களைத் தூக்கி உட்கார வைக்கும் கைகளுக்கு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் சரியான இடம் இல்லை. மனைவியும் மருமகளும் செய்வது கடமை என்று கொள்ளப்படுவதால் அதற்குப் பெயரே இல்லை. வெளியூர்ப் பெண் செய்வதற்குப் பெயர் உண்டு; அது பெரும்பாலும் ‘வீட்டு வேலை’ என்பதாகும்.

இந்நிலையில் முதியோர் நலத்துக்கென்று பல கருவிகள் கடைக்கு வந்துள்ளன. கூடத்தில் பொருத்தும் கேமரா, கீழே விழுந்தால் ஒலியெழுப்பும் கைக்கடிகாரம், மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி, இரத்த அழுத்தத்தை அளந்து தொலைபேசிக்கு அனுப்பும் பொறி என்று பட்டியல் நீளும். வாங்குபவர் பெரும்பாலும் தொலைவில் இருக்கும் பிள்ளை. அவர் வாங்குவது தம் மன அமைதிக்காக. அதில் தவறேதும் இல்லை. பெற்றோரைப் பிரிந்திருப்பவரின் தவிப்பு மெய்யானது. ஆனால், கட்டிலருகே நிற்பவரிடம் ‘உனக்கு எது கடினமாக இருக்கிறது’ என்று ஒருமுறையேனும் கேட்ட பின்னர் அக்கருவி வாங்கப்பட்டதா என்று பார்த்தால், பல வீடுகளில் விடை தயங்கித்தான் வரும்.

வாட்ஸ்அப் குழுவையே எடுத்துக்கொள்ளலாம். தந்தையின் உடல்நலத்துக்கென ஒரு குழு. அதில் நான்கு பிள்ளைகள், இரண்டு மருமகன்கள், மருத்துவம் பயிலும் ஒரு பேரன். ஒருவர் அமெரிக்காவில் காலை உணவு அருந்தும்போது ‘இன்று அழுத்தம் எவ்வளவு’ என்று கேட்பார். இங்கே அப்போது இரவாகியிருக்கும். மற்றொருவர் உப்பைக் குறைக்கச் சொல்வார். வேறொருவர் உடலில் சோடியம் குறைந்துவிடும் என்று அஞ்சி உப்பைக் கூட்டச் சொல்வார். கட்டளையிடுவோர் எழுவர், செய்பவர் ஒருவர். அந்த ஒருவர் ஊரிலிருக்கும் மருமகள். மருமகள் என்னும் சொல்லுக்கு உறக்கம் தேவைப்படாதவர் என்று எந்த அகராதியும் பொருள் கூறவில்லை. குழுவில் முடிவு சொல்பவர் ஒருவர், தகவல் அனுப்பும் நேரம் நாளுக்கு ஒன்று என்று வரையறுத்துக்கொண்டால் அதே கருவி சுமையாகாமல் துணையாகும். செலவும் ஏதுமில்லை.

கேமராவின் செய்தி இதனினும் கூர்மையானது. வீட்டோடு தங்கும் பராமரிப்புப் பெண்ணுக்குத் தனியறை தரும் வீடுகள் சிலவே. அவர் முதியவரின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறார். அந்த அறையிலேயே உடை மாற்றுகிறார். அங்கே கேமரா இருப்பது அவருக்குச் சொல்லப்படவில்லையெனில், அது பாதுகாப்பு என்று பெயர் பெறாது. முதியவரின் மானமும் அங்கே அடங்கியிருக்கிறது. படுக்கையிலேயே உடல் துடைக்கப்படும் தாயைப் பேரப்பிள்ளைகளின் தொலைபேசித் திரையில் காட்டுவதற்கு அத்தாய் ஒப்பியிருப்பாரா? கேமரா வேண்டுமெனில் கூடத்திலும் வாயிலிலும் இருக்கலாம். இருப்பது இருவருக்கும் தெரிய வேண்டும்; அதை அணைத்துவைக்கும் உரிமையும் உடல் பேணும் நேரத்தில் அவர்களிடம் இருக்க வேண்டும்.

அப்படியாயின் பேணுபவருக்கு உண்மையில் உதவும் கருவிகள் எவை? அவற்றுள் பல மின்சாரமே இல்லாதவை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிடில் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் புண் உண்டாகும் என்பது மருத்துவமனை அனுபவம் உள்ளோர் அறிந்தது. ஐம்பது கிலோ எடையுள்ள மாமியாரை நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள மருமகள் இரவும் பகலும் தனியே புரட்டினால், ஓராண்டில் அவ்வீட்டில் முதுகுவலிக்காரர் இருவராகிவிடுவர். உடலின் அடியில் விரித்து இழுக்கும் வழுக்குத் துணி, இடுப்பில் கட்டிப் பிடித்து எழுப்பும் அகலப் பட்டை, கட்டிலருகே வைக்கும் கழிப்பறை நாற்காலி, குளியலறைச் சுவரில் பதிக்கும் கைப்பிடி ஆகியவற்றுக்குச் செலவாகும் பணம், விலையுயர்ந்த கைக்கடிகாரத்துக்கு ஆகும் பணத்தைவிடக் குறைவே. புண் வராமல் தடுக்கும் காற்றுப் படுக்கை மோட்டாரால் இயங்குவது. மின்தடையில் மோட்டார் நின்றால் காற்று இறங்கத் தொடங்கும் என்பதையும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதை விற்பவரிடம் கேட்டு, படுக்கையருகே இருப்பவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

மாத்திரை நேரச் செயலியைப் பற்றி இந்த அவையில் சற்று விரித்தே பேச வேண்டும். கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்ளும் நோன்பை வாழ்நாள் முழுதும் காத்துவரும் முதியோர் இச்சமூகத்தில் பலர். மருந்துச் சீட்டிலோ ‘இரவு உணவுக்கு முன்’ என்று எழுதியிருக்கும். வெளியூரில் உள்ள மகன் அதைப் பார்த்துச் செயலியில் இரவு எட்டரை மணி என்று பதிவு செய்கிறார். வீட்டில் உள்ள பெண் ஒடிசாவிலிருந்து வந்தவர். வந்து ஒரு மாதமே ஆயிற்று. பெரியவர் ஐந்தே முக்கால் மணிக்கு உண்டு முடித்துவிட்டார். எட்டரைக்குத் தொலைபேசி ஒலிக்கிறது. அப்பெண் மாத்திரையைத் தருகிறார். அது கிளிமெபிரைடு போன்ற, இரத்தச் சர்க்கரையை இறக்கும் மாத்திரையாக இருந்தால், அதற்குப் பின் உணவு ஏதும் செல்லாத உடலில் நள்ளிரவுக்கு மேல் சர்க்கரை அபாய நிலைக்குத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், குழறும் பேச்சு. அப்பெண் செய்த பிழை என்ன? கருவி சொன்னதைச் செய்தார். கருவிக்குச் சொன்னவருக்கு வீட்டின் வழக்கம் நினைவுக்கு வரவில்லை.

அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உண்ணாநோன்பு இருப்போருக்கும் இதுவே பொருந்தும். திதி நிலவின்படி மாறுவது. கிழமைப்படி ஒலிக்கும் செயலி அதனை அறியாது. ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது, ‘இவர் உண்ணும் வேளைகள் இவை, உண்ணாத நாள்கள் இவை’ என்று முதலில் கூறி, அதற்கேற்ப மருந்தின் வகையையும் நேரத்தையும் அளவையும் அவரைக் கொண்டே எழுதி வாங்க வேண்டும். தாமே நேரத்தை மாற்றிக்கொள்ளலாகாது. மற்றொன்றையும் பகல் வெளிச்சத்தில் பேசி வைக்க வேண்டும். பின்னிரவில் சர்க்கரை தாழ்ந்து, உணர்வோடு இருக்கும்போதே உடனே இனிப்பு உண்ண வேண்டிய வேளை வந்தால் பெரியவர் வாய் திறப்பாரா? நோன்பை எண்ணி உதட்டை இறுக மூடிக்கொண்டால், மொழியறியாத அப்பெண் அந்த மூன்று மணிப்பொழுதில் என்ன செய்வார்? இதன் முடிவு பெரியவருடையது. அவருடைய மருத்துவரும், அவர் மதிக்கும் பெரியோரும், பிள்ளைகளும் உடனிருக்க, அவர் நலமாக உள்ள ஒரு நாளில் அது பேசப்பட வேண்டும். வேலைக்கு வந்த பெண்ணின் தலையில் அந்த முடிவை இறக்கிவைப்பது முறையன்று.

மொழியைப் பொறுத்தவரை, மொழிபெயர்ப்புச் செயலிகள் பெரிதும் முன்னேறியுள்ளன. நடுவண் அரசு 2022-இல் ‘பாஷிணி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, இந்திய மொழிகளுக்கிடையே பேச்சையும் எழுத்தையும் மாற்றித்தரும் முயற்சியில் ஈடுபட்டுள்ளது. தமிழும் ஒடியாவும் கூகுள் மொழிபெயர்ப்பிலும் உள்ளன. ‘தண்ணீர் வேண்டும்’, ‘கால் வலிக்கிறது’ போன்றவற்றுக்கு இவை போதும். ஆனால் முதியவர்கள் நோயை அப்படியா சொல்கிறார்கள்? ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பார்கள். பிறந்த வீட்டு மகளுக்கு அந்த மூன்று சொற்களே எச்சரிக்கை. பொறிக்கு அவை வெறும் மூன்று சொற்கள். ‘நெஞ்சு கரிக்குது’, ‘கண்ணைக் கட்டுது’, ‘வயிறு கப்புன்னு இருக்கு’ என்பனவும் அப்படியே. பக்கவாதத்தால் நா தழுதழுத்தவரின் பேச்சு பொறிக்கு இன்னும் கடினம். எனவே அந்த முதியவர் வழக்கமாகச் சொல்லும் பத்துப் பன்னிரண்டு தொடர்களை மகளோ மகனோ தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதை, அப்பெண் அறிந்த மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு குரலாகப் பதிவு செய்து அவருடைய தொலைபேசியில் வைத்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.

மருத்துவரைத் தொலைபேசி வழியே அணுகுவதற்கும் வழி உண்டு. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், நோயாளியின் சார்பில் அவரைப் பேணுபவரே மருத்துவரிடம் பேசுவதை ஏற்கின்றன. முதியவர் தந்த ஒப்புதலோ உறவுக்குரிய சான்றோ இருக்க வேண்டும். அந்த ஒப்புதலை முன்கூட்டியே எழுதி வைக்கும் வீடு நெருக்கடியில் தடுமாறாது. அரசின் ‘இ-சஞ்சீவனி’ வழியே கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். மறதி நோய் உற்றவர்களைப் பேணுவோருக்கென உலக சுகாதார நிறுவனம் ‘ஐசப்போர்ட்’ என்னும் பயிற்சியை வகுத்துள்ளது. அதில் ஒரு பகுதி முழுவதும் பேணுபவர் தம்மைப் பேணிக்கொள்வது பற்றியது. ஒரே கேள்வியை ஒரு நாளில் நாற்பது முறை கேட்கும் கணவரோடு தனியே இருக்கும் மூதாட்டிக்குத்தான் அதன் அருமை தெரியும். மனம் சோர்ந்தவர் 14416 என்னும் ‘டெலி-மானஸ்’ எண்ணில் எந்நேரமும் பேசலாம். தமிழும் பிற இந்திய மொழிகளும் அங்குண்டு. முதியோர் தொடர்பான உதவிக்கு 14567.

வெளியூரிலிருந்து வந்த பெண்ணுக்குத் தொலைபேசி கருவி மட்டுமன்று. அதுவே அவருடைய ஊர். அதன் வழியேதான் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார், ஊதியத்தை வீட்டுக்கு அனுப்புகிறார். சில வீடுகளில் வேலை நேரத்தில் தொலைபேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வீட்டு இணையத்தின் கடவுச்சொல்லைத் தருவதில்லை. அதே இணையத்தில்தான் பெரியவர் அமெரிக்காவில் உள்ள பேத்தியோடு மாலைதோறும் பேசுகிறார். தொலைவில் உள்ள மகனும் கட்டிலருகே உள்ள இப்பெண்ணும் ஒரே நிலையினர்: இருவரும் பிழைப்புக்காகப் பெற்றோரைப் பிறர் கையில் விட்டு வந்தவர்கள். இவருடைய தாயும் ஏதோ ஒரு சிற்றூரில் முதுமை அடைந்து வருகிறார்; அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அண்ணன் மனைவி.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென நடுவண் அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘இ-ஷ்ரம்’ பதிவில் வீட்டுப் பணியாளரும் சேரலாம். ஆதாரும், வங்கிக் கணக்கும், ஆதாரோடு இணைந்த தொலைபேசி எண்ணும் இருந்தால் போதும். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் அரைமணி நேரம் உடன் அமர்ந்தால் முடியும். ஊதியத்தை முகவரிடம் தராமல் அவருடைய கணக்கிலேயே செலுத்துவதும் அவ்வளவு எளிது. 2011-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளருக்கென நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கை, வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வைக் கூறுகிறது. இந்தியா அதனை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. வீடுகள் ஏற்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்த ஒரு நாள் யார் பெரியவரருகே இருப்பது என்பதுதான் கேள்வி. வாட்ஸ்அப் குழுவில் உள்ள எழுவரும் அதை முதலில் பேசலாம்.

இத்தனையையும் செயலியில் ஏற்றும் முன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டுவது நன்று: உணவு வேளை, நோன்பு நாள், மருந்தும் நேரமும், மருத்துவரின் எண், 108, முடிவு சொல்லும் பிள்ளையின் பெயர். தமிழில் ஒரு பக்கம், அப்பெண் படிக்கும் எழுத்தில் ஒரு பக்கம். கடைசி இரண்டு வரிகளில் அவருடைய ஓய்வு நாளும் வீட்டு இணையத்தின் கடவுச்சொல்லும் இருக்கட்டும்.