சிரிப்பு யார் பேரில்?



குடும்பத்தோடு பார்க்கும் ஹாஸ்யப் படங்களைப்பற்றிப் பேசும்படி கட்டளையிட்டிருக்கிறீர்கள். "சினிமா தமாஷில்கூட ஜாதியைத் தேட வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். நான் தேடவில்லை, அது தானாகவே திரையில் வந்து நிற்கிறது.

1996-ல் வந்த "அவ்வை சண்முகி"யைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். அது 1993-ல் அமெரிக்காவில் வந்த "மிசஸ் டவுட்ஃபயர்" என்னும் படத்தைத் தழுவியது. மனைவியைப் பிரிந்தவன் குழந்தையைப் பார்ப்பதற்காகக் கிழவி வேஷத்தில் வேலைக்குப் போகிறான். அமெரிக்காவில் கிழவி வேஷமும் அயலூர்ப் பேச்சும் போதுமானதாயிருந்தது. இங்கோ மாமி வேஷமாகவும் இருக்க வேண்டியிருந்தது! ஏனென்றால் அது அய்யர் வீடு.

அதோடு போயிற்றா? பாஷா என்கிற முஸ்லிம் ஒருவர் அவ்வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வருகிறார். எப்படி? பார்ப்பனராக வேஷம் போட்டு, வாயைத் திறந்தால் குட்டு வெளிப்படுமென்று ஊமையாகவும் நடித்து வருகிறார். வீட்டுக்காரருக்குத் தொழிலோ தோல் வியாபாரம்! மாட்டுத் தோல் பணமாகிப் பெட்டிக்குள் போகலாம். முஸ்லிமின் கை மாத்திரம் அடுப்பங்கரைக்குள் போகக் கூடாது.

"அந்தப் படம் வீட்டுக்காரரைத்தானே கேலி செய்கிறது?" என்பீர்கள். ஒத்துக்கொள்ளுகிறேன். ஆனால் பாஷா அகப்பட்டுக் கொள்வாரோ என்று சிரித்த நாம், அவர் ஏன் பயப்பட வேண்டுமென்று கேட்டோமா? இன்றும் பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடும் முஸ்லிமும் தாழ்த்தப்பட்ட தோழரும் தம் பேரைச் சொல்லத் தயங்குகிறார்கள். "சைவம் மாத்திரம்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள். அவர்களுக்கு இது தமாஷ் அல்ல. குழந்தை குட்டிகளோடு எங்கே குடியிருப்பது என்கிற சங்கதி.

நிறத்தின் யோக்கியதையையும் பாருங்கள். 2007-ல் வந்த "சிவாஜி" படத்தில் இரண்டு பெண்கள் கறுப்பாயிருப்பதற்காகவே கேலிப் பொருளாக்கப்பட்டார்கள். அவர்களுக்கு வைத்த பேரோ அங்கவை, சங்கவை! பாரியின் மக்கள் பேர். கொட்டகையில் சிரித்தவர்களில் பெரும்பாலோர் என்ன நிறம்? தன் மகளின் நிறத்தைப் பார்த்துத் தகப்பனே சிரிப்பதற்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவதா?

ஹாஸ்யமே கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. அண்ணாதுரை அவர்கள் கதை எழுதி 1949-ல் வந்த "நல்லதம்பி"யில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தன் கோவிலைத் தேடிப் போய் நெருப்பில் இறங்கினான் என்பது பழைய கதை. கிந்தனோ பள்ளிக்கூடத்தைத் தேடிப் போய், படித்து உத்தியோகஸ்தனாகிறான். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பு கிந்தன் பேரில் அல்ல, அவனைத் தடுத்தவர்கள் பேரில்.

ஆகவே தோழர்களே, படம் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வீட்டுக்குள் யார் சொந்தப் பேரோடு வரலாம்? யார் வேஷம் போட்டுத்தான் வர வேண்டும்? பிறகு வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த வாசற்படியைப் பார்த்தும் அதையே கேளுங்கள். அங்கே பதில் சரியாயிருந்தால், சினிமாக்காரனும் தன் கதையை மாற்றித்தான் தீர வேண்டும். நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள்.