ஒரு நரம்பு நலிவுற்றால்



கையுழைப்பால் வாழும் வீட்டில் ஒரு கை விழுந்தால் அடுப்பு அணைகிறது. அடுத்துப் பிள்ளையின் படிப்பும் நிற்கிறது. ஆதலின், கல்விச் சங்கத்து மேடையில் மருத்துவம் பேசத் துணிந்தோம்.

கை திடீரெனத் தொங்கினால் நம்மவர் செய்வினை என்கின்றனர். அன்றேல் பக்கவாதம் என்று அஞ்சுகின்றனர். பக்கவாதமா என்பதை அன்றே மருத்துவமனையில் அறிதல் வேண்டும். பல வேளைகளில் கெட்டது ஒரேயொரு நரம்பாக இருக்கும். மேற்கை எலும்பு முறிந்தால் அதனைச் சுற்றிவரும் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கும். நெடுநேரம் குந்திக் களை பறிப்போர்க்கு முழங்காலின் வெளிப்புற நரம்பு அழுத்தமுற்றுப் பாதம் தொய்யும்.

இச்சேதத்தை 1943-இல் செட்டன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் மூவகையாகப் பிரித்தார். அழுத்தத்தால் செயல் மட்டும் நின்றிருப்பின், அழுத்தம் நீங்கியபின் பெரும்பாலும் 3 மாதங்களுக்குள் வலிமை திரும்பும். உள்ளிழை அறுந்து உறை எஞ்சியிருப்பின், இழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். 15 சென்டிமீட்டர் கடக்க ஐந்து மாதம்! மருந்து பலிக்கவில்லையென்று பலர் மனம் சலிப்பது இங்கேதான். அரிவாள் வெட்டில் நரம்பு முற்றும் துண்டானால் அறுவையால் இணைத்தாக வேண்டும். சில நாட்களுக்குள் செய்வதே நன்று. நரம்பற்ற தசை ஓராண்டு, ஒன்றரையாண்டுக்கு மேல் காத்திராது.

காத்திருக்கும் காலத்தில் தொங்கும் கைக்குத் தாங்குகட்டை வேண்டும். மூட்டு இறுகாதிருக்க நல்ல கையால் நாள்தோறும் அசைத்துவிட வேண்டும். உணர்ச்சியற்ற விரலை அடுப்பருகே கொண்டு செல்லலாகாது. மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுவது நசுங்கிய நரம்பை மேலும் நசுக்குவதேயாகும்.

மற்றொன்றும் உண்டு, இதனை உரக்கச் சொல்ல நாம் கூசுகிறோம். தொழுநோய் முழங்கை நரம்பைத் தாக்கின், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கும். முன்னரே ஒதுக்கப்பட்ட நாம், இன்னுமோர் ஒதுக்கலுக்கு அஞ்சித் தேமலை மறைக்கிறோம். கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. நரம்பு செயலிழந்து 6 மாதங்களுக்குள் பிரெட்னிசலோன் தொடங்கினால் வலிமை மீள வாய்ப்புண்டு. காலம் கடந்து மடங்கிய விரல்களுக்கும் வழியுண்டு. வேறொரு தசையின் நாணை மாற்றித் தைத்து அவற்றை நிமிர்த்தும் அறுவையை, 1940-களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொடங்கினார். அவ்வாறு நிமிர்ந்த கைகள் மீண்டும் தொழில் செய்தன. இளைஞர்களே, இன்றிரவே வீட்டாரின் தேமலைத் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சியில்லையேல் நாளைக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.