ஆனதோத்து நிலமும் ஆண்டவரின் உடன்படிக்கையும்



கடவுளின் மாறாத உண்மையைக் குறித்துப் பேசப் பணிக்கப்பட்டபோது, அதனைத் தத்துவமாக விரித்துரைப்பதைக் காட்டிலும், ஒரு கிரயப் பத்திரத்தின் வரலாற்றை உங்கள் முன் வைப்பதே தக்கதென்று துணிந்தேன்.

யூதாவின் அரசன் சிதேக்கியாவின் பத்தாம் ஆண்டில், பாபிலோனியச் சேனை எருசலேமை முற்றுகையிட்டு மதிலுக்கெதிரே மண்மேடுகளை எழுப்பியிருக்க, உள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும் மக்களை வாட்ட, நகரம் வீழுமென்று உரைத்ததற்காகக் காவல்முற்றத்தில் அடைபட்டிருந்த தீர்க்கதரிசி எரேமியாவிடம், அவருடைய தந்தையின் உடன்பிறந்தார் மகனான அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி வேண்டினான். உறவினர் என்ற முறையில் அதனை மீட்கும் உரிமை அவருக்கே உரியது; கர்த்தரும் அவன் வருகையை முன்னரே அறிவித்திருந்தார். ஆனால், நாடே பகைவர் கைக்குப் போகும் என்று முழங்கியவரே அந்நாட்டில் நிலம் வாங்குவதா?

வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, சாட்சிகளையும் கையொப்பமிடச் செய்து, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் முற்றத்திலிருந்த யூதர் அனைவரும் காணத் தம் எழுத்தரான பாரூக்கினிடம் ஒப்படைத்து, அவை நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். அதன் பின்னரே ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தில் அவருடைய திகைப்பு மறைக்கப்படவில்லை. நகரம் கல்தேயர் கைக்குப் போகையில் நிலம் வாங்கச் சொன்னது ஏன் என்றே அவர் உள்ளம் கலங்குகிறது. கலக்கம் தீர்ந்த பிறகு கீழ்ப்படிவோம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதே விசுவாசத்தின் மகத்துவமென்று நான் கருதுகிறேன்.

அதே முற்றுகைக் காலத்தில், எருசலேமின் பிரபுக்கள் கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து, அத்துண்டுகளின் நடுவே கடந்து, எபிரெய அடிமைகளை விடுதலை செய்வதாக உடன்படிக்கை செய்தார்கள். எகிப்தியர் படை வருவதறிந்து பாபிலோனியர் சிறிது விலகியதும், விடுவித்தவர்களை மீண்டும் அடிமைகளாக்கிக்கொண்டார்கள். மனிதரின் வாக்கு ஆபத்து நீங்கியதும் நீங்கிற்று. அந்நாட்டில் நிலங்கள் மீண்டும் வாங்கப்படும் என்ற கடவுளின் வாக்கோ, அவருடைய நியாயத்தீர்ப்பு அந்நகரைச் சாம்பலாக்கியபோதும் நிலைத்து நின்றது. தண்டனையை விலக்குவதே அன்பு என்றெண்ணுவோர் இவ்விடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். உடன்படிக்கையின் அன்பு தண்டிக்கும், கண்ணீரோடு தண்டிக்கும், ஆனால் கைவிடாது.

நியாயப்பிரமாணம் இருதயத்தில் எழுதப்பட்டு, பாவங்கள் இனி நினைக்கப்படாத ஒரு புதிய உடன்படிக்கையை முன்னறிவித்தவரும் இந்த எரேமியாவே. சீடர்கள் சிதறி ஓடப்போகும் அவ்விரவிலேயே, அவர்கள் ஓடுவார்களென்று அறிந்திருந்தும், தம் இரத்தத்தினாலாகும் புதிய உடன்படிக்கையென்று கிறிஸ்து பாத்திரத்தை அவர்களிடம் நீட்டினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் நெகிழ்கிறது. அவர்களுடைய உறுதியின்மேல் அந்த உடன்படிக்கை கட்டப்பட்டிருந்தால், விடியுமுன்னே அது இடிந்திருக்கும்.

எரேமியா தம் நிலத்தில் விதைக்கவில்லை, அறுக்கவுமில்லை. எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்ட அவருடைய குரல் இறுதியாக அந்நாட்டிலிருந்தே கேட்கிறது. எனினும், கி.மு. 539இல் பாபிலோனை வென்ற பாரசீக மன்னன் கோரேசு, சிறைப்பட்டோர் தாயகம் திரும்பலாமென்று கட்டளையிட்டபின், அவ்வாறு திரும்பினோரின் அட்டவணை எஸ்றாவின் நூலில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.